இருவாச்சி பூசிய சுவர்

பெண் பறவைக்குத் தாய்மை உணர்வு போதாது என்று நீங்கள் எழுதியது பொய். விவரம் தெரியாமல் எழுதியதும் இல்லை. தெரிந்தே எழுதிய பொய்.

நீங்கள் யார் என்று படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையைத் தாண்டி மலையைப் பார்த்தபடி ஒரு பறவை மையம் இருக்கிறது. காட்டில் குறைந்துகொண்டே வருகிற, பெரிய அலகுள்ள இருவாச்சிகளைக் கூண்டில் ஜோடி சேர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து, வளர்ந்ததும் மலையில் கொண்டுபோய் விடுவதுதான் அதன் வேலை. அதற்கு நீங்கள் இயக்குநர். நான் அங்கே இரை போடுகிறவள். யார் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. பெயர் போட்டால் வக்கீல் பிடிக்க வேண்டிவரும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் பயப்படுகிற விஷயங்களில் இது ஒன்று.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினெட்டு வருடம் குற்றாலம் ஐந்தருவியில் பழக்கடை வைத்திருந்தேன். மங்குஸ்தான், ரம்புட்டான், பலா, கொய்யா. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்து நின்று, நாலு பழத்தை ருசி பார்த்துவிட்டு, புளிக்கிறது என்று நடையைக் கட்டுகிற சனங்களோடு பதினெட்டு வருடம் மல்லுக்கட்டியவள். எனக்கு நயமாகப் பேச வராது. எழுதவும் வராது.

நேர்காணல் அன்று மையத்தின் டாக்டரம்மா மேசையில் மூன்று பப்பாளியை வைத்து, எதைப் பறவைக்குப் போடலாம் என்று கேட்டார். நான் மூன்றையும் தூக்கிப் பார்த்தேன். இது இன்றைக்கு, இது நாளை மறுநாள், இதை வாங்கிவந்த ஆளை வேலையை விட்டு அனுப்புங்கள் என்றேன். டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். வாங்கிவந்தவர் நீங்கள். பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நமக்குள் ஒத்துப்போகாமல் போனது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

மையத்தில் இருந்தது ஒரே ஒரு ஜோடி. அதையும் ஜோடி என்று சொல்ல முடியாது, பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இரண்டு பறவைகள். ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. பெண், மலையில் அடித்த பெருங்காற்றில் சிறகு ஒடிந்து கிடைத்தவள். டாக்டரம்மா கட்டுப்போட்டுத் தேற்றியிருந்தார். ஆண் கதை வேறு. அவனைக் குஞ்சாக இருக்கும்போதே யாரோ பிடித்து வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். பறிமுதல் செய்து கொண்டுவந்தபோது, தான் ஒரு பறவை என்பதே அவனுக்குத் தெரியாது. மனிதர்களைத்தான் தன் சாதிசனம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

முதல் நாள் நான் கூண்டுக்குள் போனதும் தத்தித் தத்தி வந்தான். கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, தொண்டைக்குள் இருந்து ஒரு ஆலம்பழத்தை மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். மரியாதையாகத் தருகிறானே என்று நானும் கையை நீட்டினேன். வெளியிலிருந்து டாக்டரம்மா சத்தம் போட்டார். வாங்காதீர்கள் அக்கா, வாங்கினால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும் என்றார். இருவாச்சி ஆண் பழம் கொடுத்துத்தான் பெண் கேட்குமாம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் விடவில்லை. தொண்டையில் வைத்திருந்த முப்பது பழத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான்.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"ஏட்டி, நீ வாங்குனியா?" என்று கேட்டார்.

வாங்கவில்லை என்றேன். நாளைக்கும் நீட்டினால் என்ன செய்வாய் என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இந்த மனுசன் எனக்கு ஒரு கொய்யாவை நறுக்கிக் கொடுத்ததில்லை. பழக்கடைக்காரியைக் கட்டிக்கொண்டும் கொடுத்ததில்லை.

அவன் மனதை மாற்றுவதற்கு டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். மனித முகமே அவன் கண்ணில் படக்கூடாது. நான் தலை முதல் கால் வரை ஒரு சாம்பல் நிறப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்து, மரத்தில் செதுக்கிய மஞ்சள் அலகு ஒன்றைக் கையில் பிடித்து, அதில்தான் பழத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். பேசவும் கூடாது. போர்வை பெரிய விஷயமில்லை. பேசாமல் இருப்பதுதான் உயிர் போகிற பாடு. ஒருநாள் பழைய குற்றால அருவிக்குப் போகிற வழி தவறி ஒரு சுற்றுலா வேன் மையத்து வாசலுக்கு வந்துவிட்டது. போர்வையும் மஞ்சள் அலகுமாக நான் வழி காட்டக் கையைத் தூக்கினேன். அந்த டிரைவர் வேனைத் திருப்பவே இல்லை. மெயின் ரோடு வரைக்கும் ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனான்.

நீங்கள் இதையெல்லாம் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மையத்தின் கௌரவத்துக்குப் பொருத்தமாக நல்ல துணியில் ஒரு போர்வை வாங்கிக்கொள்ளும்படி எழுத்து மூலமாகச் சொன்னீர்கள். அது ஒன்றுதான் அந்த நாலு மாதத்தில் நீங்கள் பறவைகளுக்குச் செய்தது.

ஐந்தாவது மாதம் அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு ஒரு பழத்தை நீட்டினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் வாங்கவில்லை. வாங்கிக்கொள்ளேன் தாயி, என்னிடம் கேட்டபோது நான் வாங்காமல் உனக்காகத்தான் வைத்தேன் என்று வாய்வரை வரும். பேசக்கூடாதே. பதிமூன்றாவது நாள் வாங்கினாள். போர்வைக்குள் நான் அழுதேன். வேர்வையோடு வேர்வையாகப் போனதால் யாருக்கும் தெரியவில்லை.

நடுக்கம்பியை எடுத்து இரண்டு கூண்டையும் ஒன்றாக்கினோம். காட்டில் மரப்பொந்தில் அடைகாக்கும். எங்களிடம் பொந்துக்குப் பதில் ஒரு பெரிய மரப்பீப்பாய், பத்தடி உயரத்தில், முன்பக்கம் வாசல் வெட்டியது. சித்திரையில் அவள் அதற்குள் போனாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வாசலில் பாதியைக் காணோம். மண் வைத்து அடைத்திருந்தது. அவன் வெளியே உட்கார்ந்து, கீழே தட்டில் வைத்திருந்த களிமண்ணை அலகில் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. போர்வையை உதறிவிட்டு, "ஏலே, பொண்டாட்டிய உள்ள வச்சுப் பூசுதியோ" என்று கத்திக்கொண்டே ஒரு கம்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

டாக்டரம்மா ஓடிவந்து என் காலைப் பிடித்து இழுத்தார். பூசுகிறது அவன் இல்லை, அவள்தான் என்றார். உள்ளே இருந்தபடி களிமண், பழச்சக்கை, தன் எச்சம் எல்லாவற்றையும் குழைத்து அவளே தன்னை அடைத்துக்கொள்வாள். பாம்பும் உடும்பும் நுழையாமல் இருப்பதற்கு. அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவாள். உள்ளே போனதும் பறக்கிற இறகெல்லாம் உதிர்ந்துவிடும். அவளால் பறக்க முடியாது, ஓட முடியாது. அந்தச் சுவரை நம்பித்தான் முட்டையே வைப்பாள். அவன் கீறல் வழியாகக் கொடுக்கிறதுதான் சாப்பாடு.

நான் ஏணியிலிருந்து இறங்கி, கீழே கிடந்த போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, மனதுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நானும் அந்தச் சுவரை இடிக்கப் போனவள்தான், மறைக்கவில்லை. ஆனால் ஒருத்தர் நில் என்றதும் நின்றேன். ஏன் என்று கேட்டேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வருவதற்கு முன்னால் நீங்கள் ஒரு பொறியியல் கல்லூரியில் நிர்வாக அதிகாரி. ஆய்வுக் குழு வருகிறது என்றால் கல்லூரியை எப்படித் தயார்செய்வீர்கள் என்று நீங்களே டீ குடிக்கும்போது பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். செடித்தொட்டிகள் வாடகைக்கு வரும். நூலகத்துப் புத்தகங்கள் வேறு கல்லூரியிலிருந்து வரும். இரண்டு நாளைக்குப் பேராசிரியர்களும் வருவார்கள். சுவரெல்லாம் வெள்ளை, நடைபாதை ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு. குழு போன மறுநாள் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்விடும்.

எங்கள் மையத்துக்கும் சென்னையிலிருந்து ஒரு மேற்பார்வைக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் கொட்டுகிற வாரம். தென்காசியில் எந்த ஆய்வும் சாரல் இல்லாத மாதத்தில் நடந்து நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான், உங்களுக்குப் பழைய கல்லூரி ஞாபகம் வந்துவிட்டது. ஒரு ஜோடி மட்டும் இருந்தால் மையம் காலியாகத் தெரியும், வேறு எங்கிருந்தாவது இரண்டு இருவாச்சி வாங்கி நிறுத்த முடியுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டீர்கள். அவர் எழுந்து போய்விட்டார். நீங்கள் விடவில்லை. தென்காசியில் ஒரு கடையிலிருந்து பத்து லவ் பேர்ட்ஸைக் கொண்டுவந்து காலியாக இருந்த கூண்டில் விட்டீர்கள். பூந்தொட்டிகள் வந்தன. வளாகத்தில் எங்கேயும் மண், எச்சம், அடைசல் இருக்கக்கூடாது என்று சுற்றறிக்கை ஒட்டினீர்கள். பறவை மையத்தில் எச்சம் இருக்கக்கூடாதாம்.

முட்டை பொரிக்க இன்னும் ஒரு வாரம்தான் என்று டாக்டரம்மா நாள் எண்ணிக்கொண்டிருந்தார். குழு வருகிற அன்று காலையில் அவரை, விருந்தினர்களைக் கூட்டிவரக் குற்றாலத்து லாட்ஜுக்கு அனுப்பினீர்கள். என்னை மங்குஸ்தான் வாங்க அனுப்பினீர்கள். நல்ல பழம் என் கண்ணுக்குத்தான் தெரியும் என்று அன்றைக்கு மட்டும் ஒத்துக்கொண்டீர்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பதினோரு மணிக்குக் கூடையோடு திரும்பினேன். பீப்பாய் பளிச்சென்று இருந்தது. முழுக்க வெள்ளையடித்து, வாசலைச் சுற்றிக் காவிப்பட்டை போட்டு, அம்மன் கோவில் சுவர் மாதிரி இருந்தது. வாசல் முழுதாகத் திறந்து கிடந்தது. சுவர் இல்லை.

எங்கள் வாட்ச்மேன் அண்ணாச்சி ஏணிக்குக் கீழே உட்கார்ந்து கையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். உத்தரவு என்றால் ஏன் எதற்கு என்று கேட்காத மனிதர்.

"அண்ணாச்சி, என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

"சார் சொன்னாரு, சொரண்டுனேன். உள்ள இருந்து எவனோ கத்திய வச்சுக் குத்துன மாதிரி இருந்துச்சு தாயி. கையப் பாரு."

"உள்ள எவன் இருக்கான்? பொட்டப் பறவ முட்டையோட இருக்கா."

அவர் முகம் செத்துப்போனது.

"நானும் கேட்டேம்மா. சார், இது பறவ பூசுன மாதிரில்லா இருக்குன்னு. நாமதான் வீடு கட்டிக் குடுத்துட்டோமே, அப்புறம் அது எதுக்குப் பூசணும்னு கேட்டாரு. சொரண்டிட்டேன்."

படிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார், இது பறவை பூசியது என்று. தெரிந்தே எழுதிய பொய் என்று நான் சொன்னது அதனால்தான்.

பீப்பாய்க்குக் கீழே, அண்ணாச்சிக்கு முதுகுப்பக்கம், மணலில் முட்டை உடைந்து கிடந்தது. உள்ளே முழுதாக உருவான குஞ்சு, அலகு உட்பட. பக்கத்தில் பெண் பறவை உட்கார்ந்திருந்தாள். வால் இறகு இல்லை, சிறகில் பாதி இல்லை, முதுகில் சுண்ணாம்பு. அவ்வளவு உயரத்திலிருந்து பறக்க முடியாமல் விழுந்திருக்கிறாள். முட்டையை அவளே தள்ளினாளா, பயந்து புரண்டதில் விழுந்ததா, யாருக்குத் தெரியும். பத்து அடி உயரத்தில் தன் வீட்டுச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு ஒரு ஆள் கொத்துக்கரண்டியை உள்ளே விட்டால், நானாக இருந்தால் முட்டையை மட்டும் இல்லை, பீப்பாயையே அவன் தலையில் தள்ளியிருப்பேன்.

அடுத்த பத்து நிமிடத்தில் குழு பெண்டு பிள்ளைகளோடு வந்துவிட்டது. நேராக அருவியிலிருந்து வருகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த வாசனை வாசலிலேயே அடித்தது. ஒருவர் தலையில் ஈரத்துண்டு. நீங்கள் அவர்கள் காலில் மண் படாமல் இருக்கப் பலகை போட்டிருந்தீர்கள். அந்தப் பலகையில் ஒன்றை முட்டைக்கு மேலே போட்டு மறைத்ததும் நீங்கள்தான், நான் பார்த்தேன். வந்தவர்கள் இருவாச்சிக் கூண்டுக்கு முன்னால் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. பீப்பாயை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. துண்டு கட்டியவர், இது பேசுமா என்று கேட்டார். மற்றவர்கள் லவ் பேர்ட்ஸுக்கு முன்னால் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மங்குஸ்தான் மட்டும் மிச்சமில்லாமல் போனது.

சாயங்காலம் லவ் பேர்ட்ஸ் கடைக்குத் திரும்பின. பூந்தொட்டிகள் போயின. பெயர்த்த சுவர் திரும்பி வராது என்பது அப்போதுதான் உங்களுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். அதனால்தான் அறிக்கை எழுதினீர்கள். இங்கிலீஷில் மூன்று பக்கம். டாக்டரம்மா எனக்குப் படித்துச் சொன்னார். பெண் பறவைக்குத் தாய்மை உணர்வு போதாது, அடைகாக்கும் காலத்தில் கூட்டை விட்டு வெளியேறி முட்டையை உடைத்துவிட்டது, இனப்பெருக்கத்துக்குத் தகுதியில்லை, ஆகவே வேறு மாவட்டத்தில் வேடிக்கை பார்க்கிற பூங்கா ஒன்றுக்கு அனுப்பிவிட்டு வேறு பெண் பறவை வாங்கலாம். சாரல் முடிந்ததும் லாரி வரும் என்று கடைசி வரி. சுண்ணாம்பு என்ற வார்த்தை மூன்று பக்கத்திலும் இல்லை. டாக்டரம்மா ஆட்சேபித்து எழுதிய கடிதத்தை நீங்கள் கோப்பில் சேர்க்கவே இல்லை. தற்காலிகப் பணியாளர் கருத்துச் சொல்ல முடியாது என்றீர்களாம்.

அறிக்கையைப் படித்துக் கேட்ட அன்றைக்கே நான் உங்கள் அறைக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சார், நீங்க எழுதுனது தப்பு. மாத்தி எழுதுங்க."

வாசல் திறந்துதானே இருந்தது, நல்ல தாயாக இருந்தால் அசையாமல் உள்ளேயே இருந்திருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். சிரிக்காமல் சொன்னீர்கள்.

"உங்க வீட்ல பிள்ளப்பேறு நடக்கற ரூம்ல ஒருத்தன் வந்து கதவப் பேத்துட்டு வெள்ளையடிச்சா, உங்க சம்சாரம் அசையாம படுத்துருப்பாங்களா?"

குடும்பத்தை இழுக்க வேண்டாம் என்றீர்கள். இழுத்தது யார் சார். ஒரு குடும்பத்தைப் பீப்பாயிலிருந்து இழுத்துக் கீழே போட்டவர் நீங்கள்.

வாட்ச்மேன் அண்ணாச்சியையும் கூப்பிட்டுவிட்டீர்கள். அவர் பட்டாளத்துப் பழக்கத்தில், அன்றன்றைக்கு நடந்ததைப் பணிப் பதிவேட்டில் எழுதிவிடுவார். அந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: காலை ஒன்பது மணி, இயக்குநர் உத்தரவுப்படி பீப்பாய் வாசலில் மண் அகற்றப்பட்டது. வெள்ளையடிக்கப்பட்டது. இடது கையில் கடி. அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னீர்கள்.

"எழுதுன பக்கத்தக் கிழிச்சுப் பழக்கமில்ல சார். வேணும்னா சொரண்டச் சொன்னதுக்குக் கீழ, கிழிக்கச் சொன்னாருன்னும் எழுதிருதேன்" என்றார். எழுதியும் விட்டார். அவர் வாழ்க்கையில் ஒரு உத்தரவை மறுத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வெளியே வந்து குழாயடியில் நின்று ரெண்டு செம்புத் தண்ணீர் குடித்தார்.

இப்போது அவள் எப்படி இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கூண்டுப் பக்கம் வருவதில்லை. நான் சொல்கிறேன். இறகு முளைத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் பறக்க வராது. பீப்பாய்க்கு ஏறுவதற்கு டாக்டரம்மா கிளைகளைப் படிபோல் சாய்த்து வைத்திருக்கிறார். தினமும் காலையில் அலகில் களிமண்ணை எடுத்துக்கொண்டு, கிளை கிளையாக ஏறி உள்ளே போய், வாசல் ஓரத்தில் அப்புகிறாள். சுண்ணாம்பில் மண் ஒட்டாமல் விழுந்துவிடுகிறது. இறங்கி மறுபடியும் எடுக்கிறாள். நான் சுண்ணாம்பைக் கல்லால் தேய்த்து எடுத்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பழம் நீட்டுகிறான். இந்த வருடம் இனி முட்டை வராது, ஆனால் இந்த ஜோடியைப் பிரிக்காமல் விட்டால் அடுத்த வருடம் நிச்சயம் என்கிறார் டாக்டரம்மா. வேறு பெண்ணைக் கொண்டுவந்தால் அவன் பழம் நீட்டுவானா என்று கேட்டேன். நீட்டலாம், நீட்டாமலும் போகலாம் என்றார். மறுபடியும் உங்களிடமே நீட்டினாலும் நீட்டுவான் அக்கா என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறீர்கள். தென்காசியிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் சனம் வருகிறது, நீங்களும் மைக்கைப் பிடித்து வரவேற்றுப் பேசுகிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரவேற்பு வேண்டாம். அந்த மூன்று பக்கத்தையும் இருவாச்சிக் கூண்டுக்கு முன்னால் நின்று, தமிழில், மைக்கில் படியுங்கள். ஒரு வரி விடாமல் படியுங்கள். அதற்கப்புறம் வாட்ச்மேன் அண்ணாச்சி தன் பக்கத்தைப் படிப்பார். இரண்டையும் சனங்கள் கேட்கட்டும். கேட்ட பிறகு, அந்த லாரி எதற்காக வருகிறது, யாரை ஏற்றிக்கொண்டு போக வருகிறது என்று எல்லார் முன்னாலும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். நான் போர்வை இல்லாமல் முன்வரிசையில் நிற்பேன்.